தொண்ணூறு பாகை

அத்தியாயம் பதினொன்று

சகலருக்கும் அறியத் தருவது யாதெனில்: வியாழக்கிழமை பிற்பகல் சரியாக இரண்டு முப்பது மணிக்கு, நெருப்பின் வரலாற்றில் ஒரு புதிய ஏடு புரட்டப்படும். முப்பத்து நான்கு ஆண்டுகள் எரிதலை ஆராய்ந்தும் கற்பித்தும் இளைப்பாறிய, எமது மண்ணின் மைந்தர், இயந்திரப் பொறியியல் தகைசார் பேராசிரியர் சோமசேகரம் அவர்களுக்கு, உட்துறைமுக வீதி மண்டபத்தில் 'தகனச் செம்மல்' என்னும் அதியுயர் பட்டம் சூட்டப்படும். அனைவரும் வருக. சிற்றுண்டி உண்டு.

இதை ஒரு முச்சக்கரவண்டி புதன்கிழமை காலையிலிருந்து ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு திரிந்தது. சாம்பல்தீவு வரைக்கும் போய்த் திரும்பியது. கடைசி இரண்டு சொற்களை மட்டும் ஓட்டுநர் இரண்டு தரம் சொன்னார். அவருக்கு ஊரைத் தெரியும்.

"தகனச் செம்மல் எண்டால் செத்தவீட்டு அறிவித்தல் மாதிரியெல்லே கிடக்கு" என்று பேராசிரியரின் மனைவி குணேஸ்வரி ஒரு கிழமைக்கு முன்னமே சொல்லிப் பார்த்தார். பாராட்டு விழாக் குழு கூடி ஆராய்ந்தது. பட்டம் ஏற்கெனவே பித்தளையில் வெட்டப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது.

மகள் சோபனா போன கிழமை ஒரு பயணப்பெட்டியும் ஒரு கடிதமுமாக வீட்டுக்கு வந்திறங்கியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். பெட்டியைத் திறந்துவிட்டாள். கடிதத்தை ஒளித்து வைத்தாள். திங்கட்கிழமை அதுவும் வெளியே வந்துவிட்டது.

கடிதம் பல்கலைக்கழக உயர்பட்டக் குழுவிடமிருந்து. எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே தேவையில்லை. அதுவும் மனிதர்கள் சம்பளம் வாங்கும் இடம்தான். விடயம் இதுதான். செல்வி சோபனா சோமசேகரத்தின் கலாநிதிப் பட்ட ஆய்வு, உமி எரியும் உலைகளைப் பற்றியது. உமிச் சாம்பல் எண்ணூற்றுப் பத்துப் பாகையிலேயே உருகிக் கட்டிபட்டு உலையை அடைக்கிறது என்று அவருடைய அளவீடுகள் சொல்கின்றன. ஆனால் உலகம் ஏற்றுக்கொண்ட பெறுமானம் தொள்ளாயிரம். இந்தத் தொண்ணூறு பாகை வித்தியாசத்துக்கு ஏற்கத்தக்க விளக்கத்தை வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு முன்னர் அனுப்பவேண்டும். தவறினால் பதிவு காலாவதியாகும். காலநீடிப்புகள் யாவும் முடிந்துவிட்டன.

உலகம் ஏற்றுக்கொண்ட அந்தத் தொள்ளாயிரத்தைக் கண்டுபிடித்தவர் அவளுடைய அப்பா.

அதற்கு 'சோமசேகரம் பெறுமானம்' என்றே பெயர். பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வருடாவருடம் பரீட்சையில் வருகிறது: 'சோமசேகரம் பெறுமானத்தை எடுத்துரைத்து விளக்குக, பத்துப் புள்ளி.' சோபனாவும் இரண்டாம் வருடத்தில் அதை எடுத்துரைத்து விளக்கிப் பத்துக்குப் பத்து வாங்கியவள்.

பிறகு உலையைக் கட்டி உமியை எரித்துப் பார்த்தாள். எண்ணூற்றுப் பத்தில் சாம்பல் கல்லாகியது. உலையைப் பிரித்துத் திரும்பக் கட்டினாள். எண்ணூற்றுப் பத்து. இன்னொரு தரம் கட்டினாள். நாலு வருடம் போனது.

மேற்பார்வையாளர் கலாநிதி வினோதன், பேராசிரியரின் கடைசி மாணவர். அவருடைய பட்டமும் அந்தத் தொள்ளாயிரத்தின் மேல்தான் கட்டப்பட்டது. உலையில் எங்கேயோ காற்றுக் கசிகிறது என்று அவர் சொன்னார். அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டாள். கசிவுதான், வேறொன்றுமில்லை என்று அவரும் சொன்னார். முப்பத்தொரு வயதில், பூசுமண்ணும் கையுமாக, இல்லாத ஓட்டையைத் தேடி அடைத்துக்கொண்டிருந்தாள் சோபனா.

இன்று அந்த வியாழக்கிழமை.

காலை எட்டு மணிக்கே வீடு விழாக் குழுவின் கையில் போய்விட்டது. மண்டப வாசலில் கட்டிய வாழைகளை நகருக்குள் சுற்றித் திரியும் மான்கள் தின்றுவிட்டன என்று ஒருவர் வந்து சொன்னார். இதைப் பற்றிப் பேராசிரியர் என்ன நினைக்கிறார் என்றும் கேட்டார். பேராசிரியர் ஒன்றும் நினைக்கவில்லை. அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஏற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இச்சிறியேனை…" என்று தொடங்கிக் கொஞ்சம் நிறுத்தினார். நிறுத்தம் போதவில்லை. திரும்பவும், "இச்சிறியேனை…"

"சிறியேன் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுச் சொல்லுங்கோ, ஆறுது" என்றார் குணேஸ்வரி.

ஒன்பதரைக்கு ஸைனுலாப்தீன் வந்தார். ஆய்வுகூடத்தில் பேராசிரியரோடு இருபத்திரண்டு வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவர். இப்போது கிண்ணியாவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். ஒரு கையில் தயிர்ச்சட்டி, மற்றக் கையில் குடை. முன்னறைக் கதிரைகளில் எல்லாம் குழு உட்கார்ந்திருந்ததால், நேரே குசினிக்குப் போய் ஒரு வாங்கில் இருந்துகொண்டார். அங்கேதான் சோபனாவும் இருந்தாள், மடிக்கணினியும் வெப்ப அளவீடுகளின் வரைபும் பரப்பி. ஏற்கத்தக்க விளக்கத்தை ஒன்பதாவது தடவையாக எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பதிலும் ஒரே விளக்கம்தான்: 'எனது உலையில் கசிவு இருந்திருக்கலாம்.'

தேநீர் கொடுத்தாள். அவர் சீனி போட்டுக் கலக்கிக்கொண்டே வரைபைப் பார்த்தார். படித்துப் பட்டம் வாங்காவிட்டாலும் வரைபு வாசிக்கத் தெரிந்தவர்.

"எண்ணூத்திப் பத்து" என்றார். "ஓம், சரிதானே மகள். எங்களுக்கும் அதுதானே வந்திச்சு."

சோபனா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"உங்களுக்கு வந்தது தொள்ளாயிரம், அங்கிள்."

"இல்லையே. கம்பி எழுநூத்தி இருபது காட்டிச்சு. தொண்ணூறு கூட்டினா எண்ணூத்திப் பத்து. நான்தானே கொப்பியில எழுதினனான்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உலைக்குள் சூடு அளக்க ஒரு மெல்லிய கம்பியின் முனையை நீட்டுவார்கள். அந்த முனை தன் சூட்டில் ஒரு பங்கைப் பக்கத்துச் சுவர்களுக்கு இழந்துவிடும். ஆகவே அது உண்மையை விடக் குறைவாகத்தான் காட்டும். அந்தக் குறையைக் கணக்கிட்டுக் கூட்டவேண்டும். அந்த உலையில் குறை தொண்ணூறு பாகை. கூட்டவேண்டியது ஒரு தரம்.

"கொப்பியில எழுத முதலே கூட்டினீங்களா?" என்று சோபனா மெதுவாகக் கேட்டாள்.

ஸைனுலாப்தீன் ஆறுதலாக விளக்கினார். அந்த நாட்களில் பேராசிரியர் சேர் கூட்டம் கூட்டமென்று கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தார். அளவீடுகளை ஸைனுலாப்தீன்தான் எடுத்தார். எவ்வளவு கூட்டவேண்டும் என்ற அட்டவணையைச் சேரே தன் கையால் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். களைத்து விழுந்து வருகிற மனுசன் வந்திருந்து கூட்டல் கணக்கும் செய்ய வேண்டுமா என்று இவருக்கு மனம் பொறுக்கவில்லை. தானே பார்த்துக் கூட்டி, திருத்திய கணக்கை வடிவான கையெழுத்தில் கொப்பியில் எழுதி வைத்தார்.

"சேர் வந்து கஷ்டப்படக்கூடா எண்டுதான்" என்றார்.

சேர் கஷ்டப்பட்டிருக்கிறார். கொழும்பிலிருந்து வந்து, கொப்பியைத் திறந்து, எண்ணூற்றுப் பத்து என்று கண்டு, தன் அட்டவணையைப் பார்த்துத் தொண்ணூறைக் கூட்டியிருக்கிறார்.

சோபனாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நாலு வருடமாக அடைத்த ஓட்டைகளை எண்ணிப் பார்த்தாள்.

"கிண்ணியாவில மில்லுக்காரரும் இந்தத் தொள்ளாயிரத்தைத்தான் பாக்கிறவங்களா?" என்று கேட்டாள். வேறென்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டதுதான்.

அவர் தலையாட்டி மறுத்தார். அவருடைய மச்சான் ஜெமீல் அரிசி மில்லில் உலை பார்ப்பவன். சுவாலை வெளிறத் தொடங்கினால் உமியைக் குறைத்துவிடுவான். எத்தனை பாகை என்று அவனுக்குத் தெரியாது. பேராசிரியர் சோமசேகரம் என்று ஒருவர் இருப்பதும் அவனுக்குத் தெரியாது.

பத்தரை மணிக்குச் சோபனா அப்பாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவர் வேட்டியோடும் மேற்சட்டை இல்லாமலும் நின்று, "இச்சிறியேனை" என்பதைக் கைவிட்டு "என் போன்ற ஓர் எளியவனை" என்பதற்கு மாறியிருந்தார். அவள் ஒரு கடதாசியில் மூன்று எண்களை எழுதி மேசையில் வைத்தாள். எழுநூற்று இருபது. எண்ணூற்றுப் பத்து. தொள்ளாயிரம். பிறகு ஸைனுல் அங்கிள் சொன்னதைச் சொன்னாள்.

"கசிவு" என்றார் அப்பா. பழக்கதோஷம்.

"அப்பா, நான் மூண்டு தரம் அடைச்சிட்டன்."

அவர் கடதாசியை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடினார், அது மூக்கில் இருந்தது. ஒரு பென்சிலால் மூன்று எண்களுக்கும் நடுவில் இரண்டு தரம் தொண்ணூறு என்று எழுதினார். அதற்கு மேல் எழுத ஒன்றும் இருக்கவில்லை. முப்பத்து நான்கு வருட ஆராய்ச்சியைச் சரிபார்க்க அரை நிமிடம் போதுமாக இருந்தது.

கதவைத் தட்டினார்கள். பொன்னாடை போர்த்துபவர்களின் ஒழுங்கில் ஒரு சிக்கலாம். வர்த்தகர் சங்கம் முதலா, பழைய மாணவர் சங்கம் முதலா என்று பேராசிரியர்தான் சொல்லவேண்டுமாம். உங்கள் விருப்பம் என்று அவர் கதவுக்கு உள்ளிருந்தே சொன்னார். வெளியே சண்டை பெரிதாகியது.

"ஸைனுலைக் கூப்பிடு" என்றார் மகளிடம்.

ஸைனுலாப்தீன் வந்து, இருபத்திரண்டு வருடமும் ஆய்வுகூடத்தில் நின்ற அதே மாதிரி, மேசைக்கு இரண்டடி தள்ளி நின்றார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"கூட்டிப்போட்டா எழுதினீங்கள்?"

"ஓம் சேர்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சேர் கேக்கல்லையே."

அதில் குற்றச்சாட்டு இல்லை. நடந்ததைச் சொன்னார். பேராசிரியர் ஒருவர் தன் உத்தியோகத்தரிடம் 'நீ கூட்டினாயா' என்று கேட்பதில்லை. கேட்டால் அவருக்குத் தெரியாது என்றாகிவிடும். உத்தியோகத்தர் பேராசிரியரிடம் 'நான் கூட்டிவிட்டேன்' என்று சொல்வதில்லை. சொன்னால் தன் வேலையைப் பெரிதாகக் காட்டுவதாகிவிடும். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வைத்த மரியாதை இருபத்தாறு வருடமாகப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

"அந்தப் பதிவுக் கொப்பியள் இருந்தால் காட்டலாம்" என்றாள் சோபனா. "உங்கட கையெழுத்து, திகதி எல்லாம் இருக்கும்தானே."

ஸைனுலாப்தீன் தரையைப் பார்த்தார்.

"அது இல்ல மகள். சேர் இளைப்பாறின வருஷம் சாமான் கணக்கெடுக்க போர்ட் ஒஃப் சர்வே வந்தாங்க. பழசு, கழிக்கவேணும் எண்டாங்க. கழிச்ச சாமானை எரிச்சதுக்கு ஆக்கள் கையெழுத்து வைக்கவேணும். எரிக்க வேற இடம் இல்லாம எங்கட உலையிலதான் போட்டம்."

"எல்லாத்தையுமா?"

"நல்லா எரிஞ்சிச்சு சேர்" என்றார் அவர், பேராசிரியருக்கு அந்த ஒரு செய்தியாவது ஆறுதலாக இருக்கட்டும் என்பதுபோல.

ஆக, மிஞ்சியது ஒரே வழி. தொள்ளாயிரத்தை வெளியிட்ட கட்டுரையை எழுதியவரே பிழையை ஒப்புக்கொண்டு உயர்பட்டக் குழுவுக்கு எழுதவேண்டும். சோபனா குசினிக்குப் போய்ப் பத்து வரியில் ஒரு கடிதம் எழுதி, பக்கத்துக் கடையில் அச்செடுத்து வந்தாள். அதற்குள் முற்பகல் பதினொன்றேமுக்கால். அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாசித்தார். ஒரு காற்புள்ளியைத் திருத்தினார். கையெழுத்து வைக்கவில்லை.

"பின்னேரம் வைக்கிறன்" என்றார்.

"நாலு மணிக்கு முதல் போகவேணும், அப்பா."

"இண்டைக்கு இந்தச் சனம் எல்லாம் எனக்கெண்டு வருகுது, பிள்ளை. இதில ஒப்பம் வச்சுப்போட்டு நான் எந்த முகத்தோட போய் அந்த மேடையில இருக்கிறது?"

 அவளுக்குச் சொல்ல இருந்ததெல்லாம் தன் முகத்தைப் பற்றியது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவர் கடிதத்தை நாலாக மடித்து, அப்போதுதான் போட்டிருந்த சட்டையின் பையில் வைத்துக்கொண்டார். குணேஸ்வரி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அவளுக்கு நாலு வருஷம் போச்சு. உங்களுக்கு ஒரு சால்வை போகும். யோசியுங்கோ."

விழா இரண்டு முப்பதுக்குச் சரியாகத் தொடங்கவில்லை. பிரதம விருந்தினர் குச்சவெளியில் ஒரு திறப்பு விழாவை முடித்துவிட்டு, நிலாவெளியில் ஒரு மதிய உணவையும் முடித்துக்கொண்டு வந்தார். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மங்கல விளக்கேற்றினார்கள். மின்விசிறிக் காற்றில் திரி நாலு தரம் அணைந்தது. எரிதலில் உலகப் புகழ்பெற்றவர் பக்கத்தில்தான் நின்றார். அவரிடம் யாரும் ஆலோசனை கேட்கவில்லை.

சோபனா இரண்டாவது வரிசையில் இருந்தாள். மடியில் கைத்தொலைபேசி. பக்கத்தில் அம்மா. பின்வரிசையில் ஸைனுலாப்தீன்.

வாழ்த்துரைகள் தொடங்கின. தலைவர், அரசாங்கக் கச்சேரியில் இளைப்பாறிய உத்தியோகத்தர். ஆதிமனிதன் நெருப்பைக் கண்டான், எங்கள் பேராசிரியர் அதற்குக் கணக்கைக் கண்டார் என்றார். அடுத்தவர் தன் இளமையில் மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கிய கதையைச் சொல்லி, அது நன்றாக எரிந்ததற்கும் பேராசிரியரே மறைமுகக் காரணம் என்று நிறுவினார். அந்த அடுப்பு வாங்கியபோது பேராசிரியருக்கு ஆறு வயது. பிரதம விருந்தினர், இவரைப் போன்றவர்கள் இருப்பதால்தான் நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு நீங்கும் என்று நம்பிக்கை தெரிவித்தார். ஒவ்வொருவரும் தொள்ளாயிரத்தைச் சொன்னார்கள். பாராட்டு மலரின் அட்டையிலும் அது பொன்னெழுத்தில் இருந்தது, சுவாலைகளுக்கு நடுவில்.

மூன்று மணி பதினைந்து. பொன்னாடைகள் தொடங்கின.

வர்த்தகர் சங்கம் போர்த்தியது. அதற்கு மேல் பழைய மாணவர் சங்கம் போர்த்தியது. அதற்கு மேல் ஒரு விளையாட்டுக் கழகம். ஒன்பதாவது பொன்னாடையோடு பேராசிரியரின் கைகள் மறைந்தன. பதினான்காவதோடு கழுத்தும் மறைந்தது. சட்டைப்பையும் அதற்குள் இருந்த கடிதமும் எத்தனையாவது அடுக்கில் இருக்கின்றன என்று சோபனா கணக்குப் பார்த்தாள். அவர் முகம் வேர்த்துக் கொட்டியது. ஒருவரும் ஒரு சால்வையைக் கழற்றவில்லை. எந்தச் சங்கத்தினுடையதை முதலில் கழற்றுவது என்ற கேள்வி வரும்.

மூன்று இருபத்தாறுக்கு அவரைப் பேச அழைத்தார்கள்.

அவர் எழுந்தார். எழுந்தபோது நாலைந்து பொன்னாடைகள் விழுந்தன. ஒலிவாங்கியைப் பிடித்தார். சிறியேனும் வரவில்லை, எளியவனும் வரவில்லை.

"தொள்ளாயிரம் பிழை" என்றார்.

சபை நிமிர்ந்தது.

அவர் வகுப்பில் பேசுகிற குரலில் பேசினார். சோபனாவுக்கு அந்தக் குரல் தெரியும். முதலாம் வருடத்தில் பின்வாங்கில் இருந்து கேட்டது. கம்பியைப் பற்றிச் சொன்னார். குறையைப் பற்றிச் சொன்னார். ஒரு தரம் கூட்டவேண்டியதை இரண்டு தரம் கூட்டியது தன் பிழை, தன்னுடைய பிழை மட்டுமே, கேட்டிருக்கவேண்டியவன் தான் என்றார். சரியான பெறுமானம் எண்ணூற்றுப் பத்து. அதை என் மகள் நாலு வருடமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் அவளைப் போய் ஓட்டை அடைக்கச் சொன்னேன் என்றார். 

குணேஸ்வரி மகளின் கையைப் பிடித்தார்.

 முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள்.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலிவாங்கிக்கு வந்தார். "சபையோரே, இதுதான் நிறைகுடம். இவ்வளவு பெரிய சாதனையைச் செய்துவிட்டு, அது பிழை என்று சொல்ல எவ்வளவு அடக்கம் வேண்டும்."

"அடக்கம் இல்லை" என்றார் பேராசிரியர். "உண்மையிலேயே பிழை."

கைதட்டல் கூடியது.

"நான் சொல்லுறது விளங்கேல்லை. அந்த எண்…"

நன்றியுரை சொல்பவர் ஒலிவாங்கியை மரியாதையோடு அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். பத்திரிகை நிருபர் ஒருவர் மேடையோரம் வந்து, தொண்ணூறு பாகை கூடுதலாக எட்டியதுதான் சாதனையா என்று குறிப்பெடுக்கக் கேட்டார். பேராசிரியர் வாயைத் திறந்தார். பித்தளைக் கேடயத்தை அவர் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துப் படம் எடுத்தார்கள். முப்பத்து நான்கு வருடம் விரிவுரை செய்தவர், தன் வாழ்க்கையிலேயே மிக எளிமையான பாடத்தைச் சொல்லி, ஒருவருக்கும் விளங்கப்படுத்த ஏலாமல் நின்றார்.

சோபனா மேடைக்கு ஏறிவிட்டாள். பொன்னாடைகளை விலக்கிச் சட்டைப்பைக்குள் கை விட்டுக் கடிதத்தை எடுத்தாள். வேர்வையில் ஓரம் நனைந்திருந்தது. பேனா பிரதம விருந்தினருடையது. அப்பா கேடயத்தை மேசையாக வைத்து ஒப்பமிட்டார். பித்தளையில் வெட்டிய எழுத்துகளில் பேனா தடுக்கி, ஒப்பம் அவருடையது மாதிரி இருக்கவில்லை. அதற்குக் கீழே பெயரைத் தெளிவாக எழுதினார். தேதி போட்டார். நேரமும் போட்டார், மூன்று நாற்பத்து மூன்று.

அவள் அதைப் படமெடுத்தாள். ஒரு தரம் மங்கலாக விழுந்தது. இரண்டாம் தரம் யாரோ ஒருவரின் தோள் விழுந்தது. மூன்றாவது சரி. மூன்று நாற்பத்தாறுக்குக் குழுவுக்கு மின்னஞ்சல் போனது. வினோதனுக்கு ஒரு பிரதி.

பிறகு செய்ய ஒன்றும் இருக்கவில்லை. பின்பக்கத்தில் சிற்றுண்டி மேசைக்கு அருகில் நாலு பேரும் நின்றார்கள். சனம் பட்டிஸ் தட்டோடு வந்து வந்து பேராசிரியரின் கையைக் குலுக்கியது. அற்புதமான பேச்சு என்றார்கள். மகளையும் மறக்காமல் புகழ்ந்தாரே என்றார்கள். அவர் எல்லாருக்கும் தலையாட்டினார். விளக்க முயல்வதை விட்டுவிட்டார்.

"நான் முதலே வச்சிருக்கவேணும்" என்றார் சோபனாவிடம், அவளைப் பார்க்காமல். "பதினொண்டேமுக்காலுக்கு."

"இப்ப வச்சிட்டீங்கள்தானே, அப்பா."

நாலு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பசி தெரிந்தது. அவள் ஒரு பட்டிஸைக் கூட எடுத்துக் கடித்தாள்.

ஸைனுலாப்தீன் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிட்ட வந்தார். ஒன்று கேட்கவேண்டும் என்றார். கேட்கலாமா என்றும் தெரியவில்லை என்றார். பேராசிரியர் அவரைப் பார்த்தார். இந்தத் தடவை அவரே கேட்டார்:

"என்ன, ஸைனுல்?"

"சேர்ட பன்ரெண்டு கட்டுரைக்கு நான் அளவெடுத்துத் தந்திருக்கன். இதில கூட்டினது நல்லா ஞாபகம் இருக்கு. மத்தப் பதினொண்டுலயும் கூட்டினனா இல்லையா எண்டு ரெண்டு மணியில இருந்து யோசிக்கிறன் சேர். சிலதுல கூட்டின மாதிரி இருக்கு. எதுல எண்டு தெரியல்ல."

பேராசிரியர் அருகில் இருந்த பிளாஸ்ரிக் கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார். குணேஸ்வரி அவருடைய தோளில் மிஞ்சியிருந்த பொன்னாடையை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்தார்.

அப்போது சோபனாவின் கைத்தொலைபேசி அதிர்ந்தது. மூன்று ஐம்பத்தெட்டு. குழுவின் செயலாளரிடமிருந்து இரண்டு வரி. அவள் வாசித்தாள். திரும்ப வாசித்தாள். தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்தாள்.

உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. பரீட்சார்த்தியின் தாய், தந்தை, உடன்பிறந்தோர், வாழ்க்கைத்துணை ஆகியோர் வழங்கும் கடிதங்களை, பதினான்காம் விதியின்படி, எக்காரணம் கொண்டும் சான்றாக ஏற்பதற்கில்லை.

பதினான்காம் விதியை எழுதியவர், அந்நாளில் அதே பல்கலைக்கழகத்தில் பீடாதிபதியாக இருந்த பேராசிரியர் சோமசேகரம்.